சிறு காரும் சீர்செய்யும் கலையும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கக் கூடத்தில், கோலப் போட்டி நடந்த இடத்திற்கு அடுத்த மேசையில், நாம் செய்தும் சீர்செய்தும் வைத்திருக்கும் சிறு கார்கள் இருபத்தாறையும் வரிசையாக வைத்திருந்தோம். குழந்தைகள் சூழ்ந்துகொண்டனர்; அஃது எதிர்பார்த்ததே. பெரியவர் சிலரும் நின்று பார்த்தனர். அவருள் ஒருவர், "இது பிள்ளை விளையாட்டுத்தானே? இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடலாமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அன்றைய கூட்டத்தில் நின்று விடை சொல்ல இயலவில்லை. ஆசிரியர் அவர்கள் எழுதித் தருமாறு பணித்தமையால், அவ்விடையை இங்கே எழுதத் துணிகிறோம். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கரக்பூரில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றி வருகிறோம். எழுத்தில் குறை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

இரயிலின் பின்னே வந்த கார்

சிறு காரின் வரலாற்றை இரயிலிலிருந்து தொடங்குவது இரயில்வே ஊழியரின் பெருமைக்காக அன்று, உண்மை அதுவே. இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரத்தில் பிராங்க் ஹார்ன்பி என்பார், துளையிட்ட தகடுகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் மெக்கானோ என்னும் பொருளுக்கு 1901-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1920-இல் அவருடைய தொழிற்சாலை பொம்மை இரயில்களையும் செய்யத் தொடங்கியது. பொம்மை நிலையம் ஒன்று வைத்தால் அதன் வாயிலில் வண்டிகள் நிற்க வேண்டாமா? அந்தக் குறையைப் போக்க 1933-ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு சிறு வண்டிகள் கொண்ட தொகுதி ஒன்று வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவற்றிற்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வைத்தனர். இரயிலுக்குத் துணையாகப் பிறந்த பொருள், சில ஆண்டுகளுக்குள் தனக்கென ஒரு குலத்தையே படைத்துக்கொண்டது.

சேகரிப்போர் இன்று பெரிதும் போற்றும் அளவு 1:43 ஆகும். நாற்பது என்றோ ஐம்பது என்றோ வைக்காமல் நாற்பத்து மூன்று என்று ஏன் வைத்தார்கள் என்று நாமும் பல நாள் வியந்ததுண்டு. இதன் விடையும் தண்டவாளத்திலேயே இருக்கிறது. ஓ-கேஜ் என்னும் பொம்மை இரயிலின் பாதை அகலம் 32 மில்லிமீட்டர். அந்த இரயிலுக்கு ஆங்கிலேயர் வகுத்த கணக்கு, மெய்யான ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். அதனை ஏழால் வகுத்தால் நாற்பத்து மூன்றரை வரும். நாம் கணக்குப் பேரேட்டில் பிழைப்பு நடத்துபவராதலின், இவ்வெண்ணின் மூலத்தைக் கண்டறிந்த நாளில் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொழில் மேலும் பெருகியது. 1947-இல் இலண்டனில் தோன்றிய லெஸ்னி என்னும் நிறுவனம், 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாத் தேரைச் சிறிய உருவில் வார்த்துப் பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் ஓடெல் என்பார். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே விளையாடக் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தந்தையார் பித்தளையில் சாலை சமன்செய்யும் எந்திரம் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் அடங்குமாறு செய்து கொடுத்தார். மேட்ச்பாக்ஸ் கார்கள் பிறந்த கதை இதுவே. ஒரு தந்தை தன் பிள்ளைக்காகச் செய்த ஒரு பொருள், பின்னர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆயிற்று.

1958-இல் அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் 1:25 அளவில் பிளாஸ்டிக் துண்டுகளாகக் கார்களைப் பெட்டியில் இட்டு விற்றது. ஒரே பெட்டியிலுள்ள துண்டுகளைக் கொண்டு உள்ளது உள்ளபடி ஒரு காராகவும், பந்தயக் காராகவும், நம் விருப்பப்படி மாற்றிய காராகவும் மூவகையில் அமைக்கலாம். வாங்கிய பொருளைத் தன் கற்பனைக்கேற்ப மாற்றியமைக்கும் பழக்கம் இப்படிப்பட்ட பெட்டிகளால் வீடுதோறும் பரவியது.

கல்கத்தாவில் வார்த்த சென்னை வண்டி

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று அன்பர்கள் நினைக்கலாம். அன்று. டிங்கி தொழிற்சாலை தனக்கு வேண்டாத பழைய அச்சுகள் சிலவற்றை 1960-களின் பின்பகுதியில் விற்றது. அவற்றை வாங்கிய கல்கத்தா நிறுவனம் ஒன்று, அதே அச்சுகளில் கார்களை வார்த்து நிக்கி டாய்ஸ் என்னும் பெயரில் நம் நாட்டில் விற்றது. லிவர்பூல் பொருளின் வழவழப்பு அவற்றில் இல்லை. ஆயினும் வார்ப்பு ஒன்றே. லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

அந்த நிக்கி வண்டிகளுள் ஒன்று ஸ்டாண்டர்டு 20 என்னும் சிறு பேருந்து. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்று வழங்கிய இவ்வண்டியை, இந்தியாவில் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்துவந்தது. ஆகவே லிவர்பூலில் வெட்டிய அச்சில், கல்கத்தாவில் வார்க்கப்பட்ட, சென்னை வண்டி அது. காட்பாடியிலிருந்து பிழைப்புக்காகக் கரக்பூர் வந்து சேர்ந்த நம் பாட்டனார், 1970-ஐ ஒட்டிக் கல்கத்தா சென்றபோது தம் மகனுக்கு, அதாவது நம் தந்தையாருக்கு, இதனை வாங்கி வந்தார். "நம்ம பக்கத்து வண்டி" என்று சொல்லிக் கொடுத்ததாகத் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறோம்.

தந்தையார் பின்னர் இரயில்வே பட்டறையில் வண்ணம் பூசும் பிரிவில் சேர்ந்தார். 1995-இல், நமக்கு ஆறு வயதானபோது, அந்தச் சிறு பேருந்தை நமக்குக் கொடுத்தார். அதற்குள் அது வண்ணம் உதிர்ந்து, முன்சக்கரம் ஒன்று இழந்து கிடந்தது. கோல்பஜாரில் சிறு டப்பா எனாமல் பெயிண்ட் வாங்கி வந்து, அக்காலத்து இரயில் பெட்டியின் செங்காவி நிறத்தை அதற்குப் பூசினார். சாளரங்களின் கீழே இளமஞ்சளில் ஒரு கோடு இழுத்தார். அக்கோட்டின் கீழ், கடுகளவு எழுத்தில், தமிழில் 'காட்பாடி' என்று எழுதினார். இதனை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

சீர்செய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். உலோகச் சிறு கார்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் ஆனவை. துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியமும், மிகச் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் சேர்ந்த கலவை இது. உருக்கிய கலவையை எஃகு அச்சினுள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பர். கலவையில் ஈயம் சிறிது கலந்துவிட்டாலும், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளுக்குள் வெடித்து, வீங்கி, இறுதியில் பிஸ்கோத்துப்போல் உதிரும். போருக்கு முந்திய வண்டிகள் பல இந்நோயால் அழிந்தன. இதற்கு மருந்து இல்லை. பழைய கார் ஒன்று கிடைத்தால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

அடித்தகடு ரிவிட்டால் பொருத்தப்பட்டிருக்கும். நெம்பிப் பிரித்தால் வார்ப்பு உடையும். ரிவிட்டின் தலையை மட்டும் மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டால், தகடு தானே கழன்றுவிடும். எஞ்சிய தண்டில் சிறு துளையிட்டு, பின்னர் திருகாணியால் மூடலாம்.

வண்ணத்தை அகற்றுவதென்று முடிவு செய்தால், கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைத் தூரிகையால் தடவி, சிறிது நேரம் விட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். இதனைத் திறந்த வெளியில், கையுறை அணிந்து, பெரியவரே செய்தல் வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலின் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புதல் ஆகாது. சிலர் காஸ்டிக் சோடாக் கரைசலில் இரவு முழுதும் ஊறவிடுவர். துத்தநாகத்தை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

உலோகம் நன்கு உலர்ந்தபின் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. ஒரு நாள் பொறுத்து, நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை பூசலாம். அவசரப்பட்டு ஒரே பூச்சில் மூட நினைத்தால், கதவின் கோடும் கைப்பிடியும் வண்ணத்துள் மூழ்கிவிடும். அச்சு முறிந்திருந்தால் மிதிவண்டிச் சக்கரக் கம்பியை வெட்டிப் பொருத்தலாம். கண்ணாடிக்கு இனிப்புப் பெட்டியின் தெளிந்த பிளாஸ்டிக் மூடி போதும். சக்கரத்துக்குக் குழாய்க் கடையில் கிடைக்கும் சிறு ரப்பர் வளையங்கள் உதவும்.

நாம் இழந்தது

மேற்சொன்னவற்றையெல்லாம் நூல்களைப் பார்த்தும், பழுதாக்கிப் பழுதாக்கியும் கற்றோம். தந்தையார் 2008-இல் பணியிலிருக்கும்போதே நோயுற்றுக் காலமானார். அவர் பொருட்டுக் கருணை அடிப்படையில் நமக்கு வேலை கிடைத்தது. அப்போது நமக்கு வயது பத்தொன்பது. நாளெல்லாம் பிறர் அனுப்பிய சரக்கைப் பதிவு செய்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் நமக்கு, கையால் ஏதேனும் செய்து முடிக்க வேண்டும் என்னும் ஆவல் தோன்றியதில் வியப்பில்லை. சிறு கார்கள் அதற்கு வாய்த்தன.

2014-ஆம் ஆண்டில் ஒரு நாள் அந்த ஸ்டாண்டர்டு 20 வண்டியை எடுத்தோம். சேகரிப்போரின் நூல்களைப் படித்து மயங்கிய காலம் அது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டுவருவதே சீர்செய்தல் என்று உறுதியாக நம்பியிருந்தோம். தூரிகையால் பூசிய செங்காவி நிறம் நம் கண்ணுக்குக் குறையாகத் தோன்றியது. ரிமூவரைத் தடவினோம். வண்ணம் சுருங்கிச் சுருங்கி எழுந்தது. கோடும் எழுத்தும் அதனோடு போயின. கழுவி, செய்தித்தாளின்மேல் உலர வைத்துவிட்டு, கை கழுவச் சென்றோம்.

அம்மா அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உலோகமாகக் கிடந்த வண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஏம்பா, அந்த எழுத்தையும் அழிச்சிட்டியா?" என்று கேட்டார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. மீண்டும் அரிசியில் கை வைத்துவிட்டார்கள்.

அன்றிரவு வீட்டிலுள்ள தாள்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். தந்தையாரின் கையொப்பம் பல இடங்களில் உண்டு, எல்லாம் ஆங்கிலத்தில். விடுமுறை விண்ணப்பங்கள் இந்தியில் பிறர் எழுதியவை. ஊருக்குக் கடிதம் எழுதியவர்தாம். ஆனால் எழுதிய கடிதங்கள் ஊருக்குப் போய்விட்டன. அவர் கைப்பட எழுதிய தமிழ் நம் வீட்டில் அந்த நான்கு எழுத்துகளே என்பது, அவை அழிந்த பின்னரே நமக்குத் தெரிந்தது. ஒரு புகைப்படமும் எடுத்து வைக்கவில்லை. ஆறு வயதில் அவ்வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் நிற்கும் படம் ஒன்று உண்டு. அதில் நம் விரல்கள் எழுத்தை மறைத்திருக்கின்றன.

வண்டி மூன்றாண்டுகள் வண்ணமின்றித் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. பின்னர் அம்மாவே, "அந்தச் சிவப்பையே அடிச்சிடு" என்றார்கள். அதே நிறத்தைத் தேடிப் பூசினோம், கோடும் இழுத்தோம். எழுத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தந்தையாரின் 'டி' மேற்கோட்டைத் தாண்டி உயர்ந்து சுழிந்திருக்கும் என்பது நினைவில் இருந்தது. எவ்வளவு உயரம் என்பது நினைவில் இல்லை. தாளில் பலமுறை எழுதிப் பார்த்தோம். அம்மா பார்த்துவிட்டு, "அவரு மாதிரி எழுதப் பார்க்காதே. உன் எழுத்தாவே எழுது" என்றார்கள். நாம் தமிழ் கற்றது பள்ளியில் அன்று. இச்சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அந்த எழுத்தாலேயே எழுதினோம். பொங்கலன்று அன்பர்கள் கண்ட செங்காவி நிறப் பேருந்து அதுவே.

யாருடைய கார்?

நிற்க. வெளிநாட்டுச் சேகரிப்போரிடையே ஒரு வகைப்பாடு உண்டு. தொழிற்சாலை அனுப்பியபடியே இருப்பது குறியீடு 1. செய்தவரின் இசைவோடு பிறர் மாற்றியது குறியீடு 2. தனிப்பட்டவர் தம் விருப்பப்படி மாற்றியது குறியீடு 3. விற்கும்போது வாங்குவோர் ஏமாறாதிருக்க இவ்வகைப்பாடு மிகவும் உதவும். மாற்றிய காரை மாற்றியது என்று சொல்லியே விற்க வேண்டும், அது நேர்மை. இக்கணக்கின்படி தந்தையாரின் பேருந்து குறியீடு 3. சந்தையில் மதிப்புக் குறைந்தது. நாம் செய்த தவறு, சந்தையின் பேரேட்டை வீட்டின் பேரேடாக எண்ணியதே.

எனில், பழைய வண்ணத்தை எவரும் தொடலாகாது என்று சொல்ல வருகிறோமா? அதுவும் இல்லை. சென்ற ஆண்டில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற கார்டு, தம் மகன் சிறுவயதில் விளையாடிய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மகன் இப்போது கடல் கடந்த நாட்டில் இருக்கிறார். கூரையின் வண்ணம் சிறு விரல்கள் பிடித்துப் பிடித்தே தேய்ந்திருந்தது. பின்சக்கரம் ஒன்று இல்லை. நம் கதையை அவரிடம் சொல்லி, சக்கரத்தை மட்டும் மாட்டித் தருகிறோம், வண்ணத்தை விட்டுவிடுவோம் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நினைவெல்லாம் எனக்கு மனசிலே இருக்கு. பேரனுக்கு வேண்டியது ஓடுற கார். நல்ல சிவப்பா அடிச்சுக் கொடுங்க" என்றார்.

அவர் சொன்னதும் சரியே. நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, காரின் உட்புறத்தில் பழைய நீல வண்ணத்தை அப்படியே விட்டு, வெளிப்புறத்தை மட்டும் சிவப்பாக்கிக் கொடுத்தோம். பேரன் என்றேனும் அடித்தகட்டைக் கழற்றினால், தன் தந்தையின் நீலக் காரைக் காண்பான்.

ஆகவே நாம் கண்ட விதி இதுதான்: வண்ணத்தைத் தொடுமுன் கார் யாருடையது என்று கேட்க வேண்டும். எவர் பூசினார், எவர் தேய்த்தார், இனி எவர் கைக்குப் போகிறது என்பதைக் கேட்க வேண்டும். கேட்டபின் எதைச் செய்தாலும் குற்றமில்லை. கேளாமல் செய்வது, எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், அழிவே.

தொடங்க விரும்புவோர்க்கு

பழைய கார் இல்லாதவர் புதிதாகச் செய்யலாம். நம் வட்டாரத்தில் தொடங்கத் தகுந்தது அம்பாசிடர். மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, இதே வங்க மாநிலத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்டுவந்த அக்கார், 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. கொல்கத்தா வீதிகளில் மஞ்சள் டாக்சிகளும் குறைந்து வருகின்றன. ஒன்றேனும் எஞ்சியிருக்கையிலேயே அளந்து பார்த்துவிடுதல் நன்று. நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், 1:43 அளவில் 10 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 57 மில்லிமீட்டர். தடித்த அட்டை, பசை, கூரிய கத்தி, உப்புத்தாள், மஞ்சள் வண்ணம் ஆகியவை போதும். அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, உலர்ந்தபின் தேய்த்து உருவாக்க வேண்டும். கத்தி வேலையைப் பெரியவர் செய்க; தேய்ப்பதையும் பூசுவதையும் பிள்ளைகளுக்கு விடுக.

எட்டு வயதான நம் மகள் இவ்வாறு ஒரு டாக்சி செய்திருக்கிறாள். கூரை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. கதவில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. திருத்தவா என்று அவளைக் கேட்டோம். வேண்டாம் என்றாள். விட்டுவிட்டோம்.

பெரியவரின் கேள்விக்கு நம் விடை இவ்வளவே. பிள்ளை விளையாட்டுத்தான், ஆனால் அதில் வீட்டாரின் கை பதிந்திருக்கிறது. வரும் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்தில் அட்டையும் அரமும் உப்புத்தாளும் வைத்திருப்போம். அன்பர்கள் தம் மக்களோடு வருக. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கார்களையும் எடுத்து வருக. துடைக்காமல் கொண்டுவருதல் நலம்.